ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? இந்தக் கணக்கு எப்படி வருது?

அக்கா பையன் போன வாரம் போன்ல டிக்கெட் பார்த்துட்டு இருந்தான், திடீர்னு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "சித்தி, இதுல தப்பா போட்டிருக்காங்க பாருங்க"ன்னான். டோக்கியோல சாயங்காலம் 5 மணிக்கு கிளம்புற ஃப்ளைட் லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதே தேதி காலைல 10 மணிக்கு போய் இறங்குதுன்னு இருந்துச்சு. கிளம்புறதுக்கு 7 மணி நேரம் முன்னாடியே எப்படி போய் சேரும்ங்கிறது அவன் கேள்வி. அது தப்பு இல்லடா, டைம் ஸோன்னு சொல்லி ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன், புரிஞ்சுக்கிட்டான். ஆனா அடுத்து ஒண்ணு கேட்டான் பாருங்க, அதுதான் நிஜமாவே நல்ல கேள்வி: "சரி சித்தி, போறதுக்கு 10 மணி நேரம், திரும்பி வர்றதுக்கு 12 மணி நேரம்னு இருக்கே, ரெண்டும் ஒரே தூரம்தானே?"

ஒரே தூரம்தான். ஆனா தூரம் வேற, நேரம் வேற. தூரம்ங்கிறது ரெண்டு ஏர்போர்ட்டும் பூமியில எங்க இருக்குங்கிறதை மட்டும் பொறுத்தது, அது மாறவே மாறாது. நேரம்ங்கிறது நடுவுல இருக்கிற காத்து, எந்த நாட்டு வானத்துல விடுவாங்க எதுல விடமாட்டாங்க, ரன்வே முன்னாடி எவ்ளோ பெரிய க்யூ, எல்லாத்தையும் பொறுத்து தினமும் மாறும். இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸிதான். முதல்ல தூரத்தைப் பார்த்துடுவோம்.

நம்ம எல்லாருக்கும் மனசுல இருக்கிற உலகம் ஸ்கூல் சுவர்ல தொங்குன மேப்தான். அதுல ரெண்டு ஊருக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டா அதுதான் குறுக்கு வழின்னு தோணும். அங்கதான் ஏமாந்துடுறோம். உருண்டையா இருக்கிற ஒண்ணை தட்டையான பேப்பர்ல விரிக்கணும்னா எங்கயாவது இழுத்துத்தான் ஆகணும், ஆரஞ்சு தோலை டேபிள் மேல அப்படியே தட்டையா பரப்பிப் பாருங்க, கிழியாம வராது. 1569ல மெர்காட்டர் போட்ட மேப் கப்பல்காரங்களுக்காகப் போட்டது, திசைகாட்டி காட்டுற ஒரே திசையிலயே போனா அந்தப் பாதை மேப்புல நேர்கோடா தெரியணும்ங்கிறதுதான் அதோட நோக்கம், அதுக்கு அது பிரமாதமான மேப். ஆனா துருவத்துப் பக்கம் போகப் போக எல்லாத்தையும் இழுத்துப் பெருசாக்கிடும். அந்த மேப்புல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் மாதிரி தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. இப்படி ஒரு மேப் மேல ஸ்கேல் வச்சு தூரம் அளந்தா எப்படி சரியா வரும்?

அதனால மேப்பை ஓரமா வச்சுட்டு ஒரு குளோப் எடுங்க, வீட்டுல இருக்கிற சின்ன குளோப் போதும். ஒரு நூலை எடுத்து ஒரு முனையை பெய்ஜிங் மேல விரலால அழுத்திப் பிடிச்சுக்கோங்க, இன்னொரு முனையை நியூயார்க் மேல வச்சு நல்லா இறுக்கி இழுங்க. ரெண்டு ஊரும் பூமத்திய ரேகையிலிருந்து கிட்டத்தட்ட ஒரே உயரம், ரெண்டும் சுமார் 40 டிகிரி வடக்கு. மேப்புல பார்த்தா பசிபிக் கடலை குறுக்கால தாண்டி நேரா போற மாதிரி இருக்கும். ஆனா நூலை இறுக்கினதும் அது கடல் மேல நிக்காது, நழுவி நழுவி மேல ஏறி வட துருவத்துக்குப் பக்கத்துல போய் உட்காரும். எங்க வீட்டுல இதைச் செஞ்சப்போ பையன் மூணு தடவை நூலை எடுத்து எடுத்து வச்சுப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத்தான் போச்சு. அந்த நூல் கிடக்கிற பாதைக்குப் பேர்தான் கிரேட் சர்க்கிள், தமிழ்ல பெருவட்டம்னு சொல்லுவாங்க. ஒரு உருண்டையை ரெண்டு ஊர் வழியாவும் போகுற மாதிரி, அதோட மையம் வழியாவும் போகுற மாதிரி சரிபாதியா வெட்டினா வர்ற வட்டம் அது. உருண்டை மேல இதைவிடக் குறுக்கு வழி கிடையவே கிடையாது.

இதோட நீளத்தை நம்மளே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஸ்கூல் முக்கோணவியல் போதும். பெய்ஜிங் கேப்பிட்டல் ஏர்போர்ட் 40.08 டிகிரி வடக்கு, 116.58 டிகிரி கிழக்கு. நியூயார்க் ஜேஎஃப்கே 40.64 டிகிரி வடக்கு, 73.78 டிகிரி மேற்கு. ரெண்டு தீர்க்கரேகைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை சின்ன பக்கமா எடுத்தா 169.64 டிகிரி. இப்போ ரெண்டு அட்சரேகையோட சைனையும் பெருக்குங்க, 0.644ஐ 0.651ஆல பெருக்கினா 0.419. அடுத்து ரெண்டோட கொசைனையும் பெருக்கி கூடவே அந்த 169.64 டிகிரியோட கொசைனையும் பெருக்கணும், அது 0.765, 0.759, மைனஸ் 0.984, மூணும் சேர்ந்து மைனஸ் 0.571. ரெண்டையும் கூட்டினா மைனஸ் 0.152. எந்தக் கோணத்தோட கொசைன் மைனஸ் 0.152னு கால்குலேட்டர்ல கேட்டா 98.7 டிகிரின்னு சொல்லும். அவ்ளோதான், பூமியோட மையத்துல நின்னு பார்த்தா அந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல 98.7 டிகிரி கோணம் இருக்கு.

கோணத்தை கிலோமீட்டரா மாத்துறது இன்னும் ஈஸி. பூமியோட சுத்தளவு சுமார் 40,000 கி.மீ, அதை 360ஆல வகுத்தா ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. கொஞ்சம் நுணுக்கமா எடுத்தா 111.2. 98.7ஐ அதால பெருக்கினா 10,975 கி.மீ வருது. (அந்த 40,000ங்கிற முழு எண் தற்செயல் இல்ல, 1790கள்ல பிரான்ஸ்ல மீட்டரை உருவாக்கினப்பவே வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்துல ஒரு கோடியில் ஒரு பங்குன்னுதான் வரையறுத்தாங்க, அப்படிப் பார்த்தா கால்வாசி சுத்துக்கு 10,000 கி.மீ, முழு சுத்துக்கு 40,000.) இப்போ மேப்புல தெரியுற மாதிரி 40 டிகிரி கோட்டுலயே நேரா கிழக்கே போனா எவ்ளோன்னு பார்த்தா 14,300 கி.மீக்கு மேல வரும். துருவத்துப் பக்கம் வளைஞ்சு போற மாதிரி தெரியுற பாதை 3,300 கி.மீ கம்மி! முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தப்போ நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னுதான் நினைச்சேன், திரும்பப் போட்டேன், அதேதான் வந்துச்சு.

தெற்குல இதே கதை தலைகீழா நடக்கும். ஆஸ்திரேலியாவோட சிட்னி, சிலி நாட்டு சான்டியாகோ ரெண்டுமே சுமார் 34 டிகிரி தெற்கு, ஆனா நூலை இறுக்கினா அது 62 டிகிரி தெற்கு வரைக்கும், கிட்டத்தட்ட அன்டார்டிகா வாசல் வரைக்கும் போயிட்டு வரும், மொத்தம் 11,340 கி.மீ.

பைலட்டுங்க கிலோமீட்டர்ல பேச மாட்டாங்க, நாட்டிகல் மைல்ங்கிற கடல் மைல்ல பேசுவாங்க, அது 1,852 மீட்டர். ஏன் இப்படி ஒரு வினோதமான எண்ணுன்னா ஒரு டிகிரியை 60 பங்கா பிரிச்சா வர்ற ஒரு பங்குதான் ஒரு கடல் மைல். அதனால கோணம் தெரிஞ்சா 60ஆல பெருக்கினா போதும், 98.7 டிகிரின்னா 5,922 கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்னா அதுதான் ஒரு நாட். ரொம்ப அழகான ஏற்பாடு இது.

இன்னொண்ணு, பூமியில எந்த ரெண்டு இடத்தை எடுத்தாலும் நடுவுல 20,000 கி.மீக்கு மேல இருக்க முடியாது, அதுக்கு மேல போனா இன்னொரு பக்கமா கிட்ட வர ஆரம்பிச்சிடுவோம். இப்போ ரெகுலரா ஓடுற நான்ஸ்டாப்லயே நீளமானது சிங்கப்பூர் – நியூயார்க், சுமார் 15,350 கி.மீ. பூமிக்கு அந்தப் பக்கம் நேர் எதிர்ல இருக்கிற இடத்துக்குப் போற தூரத்துல முக்கால்வாசியை ஒரே மூச்சுல போகுது.

சரி, இது வரைக்கும் சொன்னது தரையில அளந்த தூரம். ஃப்ளைட் நிஜமா பறக்குற தூரம் இதைவிட எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வானத்துலயும் ரோடு மாதிரி பாதைங்க இருக்கு, அஞ்செழுத்துப் பேர் வச்ச புள்ளிங்க இருக்கு, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளின்னு தொட்டுத் தொட்டுத்தான் போவாங்க. டேக் ஆஃப் ஆனதும் ஊர் இருக்கிற திசைக்கு நேரா திரும்ப முடியாது, ரன்வே எந்தப் பக்கம் பார்த்து இருக்கோ அந்தப் பக்கம் ஏறி, குறிச்சு வச்ச வழியில சுத்தி வெளியே வரணும். இறங்கும்போதும் அப்படியேதான்.

அதுக்கும் மேல பெரிய தடங்கல் நாடுகளோட எல்லை. ஹெல்சிங்கிலிருந்து டோக்கியோவுக்கு குறுக்கு வழி சுமார் 7,800 கி.மீ, பெரும்பகுதி ரஷ்யா மேலதான். 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஏர்லைன்ஸுக்கு மூடினதும், ஒன்பதரை மணி நேரம் மாதிரி இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமாச்சு, ஒண்ணு வட துருவத்தைத் தாண்டி சுத்தணும், இல்ல தெற்கால மத்திய ஆசியா வழியா சுத்தணும். ஏர்போர்ட் ரெண்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு, ஒரு இன்ச் நகரல, ஆனா பயணம் மூணரை மணி நேரம் நீண்டுடுச்சு. இது புதுசும் இல்ல, பனிப்போர் காலத்துல ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போற ஃப்ளைட்டுங்க சோவியத் யூனியன் மேல போக முடியாம அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போச்சு.

கடல் மேல போறப்போ இன்னொரு ரூல் இருக்கு. ரெண்டு இன்ஜின் இருக்கிற ப்ளேன்ல ஒரு இன்ஜின் நின்னு போனா மீதி ஒண்ணை வச்சுக்கிட்டு இத்தனை நிமிஷத்துக்குள்ள ஒரு ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ற மாதிரிதான் பாதை போடணும். 1950கள்ல அமெரிக்காவுல அது 60 நிமிஷம், அதனால ரெண்டு இன்ஜின் ப்ளேனுங்க அட்லாண்டிக்கை நேரா தாண்டாம கரையை ஒட்டி ஒட்டிப் போகணும். இன்ஜின் நம்பகமானதா ஆக ஆக 1985ல 120 நிமிஷம் கொடுத்தாங்க, ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி இருக்கு. ஆறு மணி நேரத்துக்கு மேல! இன்னைக்கு பசிபிக்கையும் தெற்குக் கடலையும் ரெண்டே இன்ஜினோட குறுக்கால தாண்டுறாங்கன்னா இந்த எண்ணு வளர்ந்ததுதான் காரணம்.

இப்போ நேரத்துக்கு வருவோம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான்.

பெரிய ஜெட் ப்ளேனுங்க மேல போய் நிதானமானதும் ஒலியோட வேகத்துல சுமார் 85 சதவீதம் போகும், மாக் 0.85ன்னு சொல்லுவாங்க. சின்ன ப்ளேனுங்க 0.78 பக்கம். ஒலியோட வேகம் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல, குளிரு கூடக் கூட குறையும். தரையில 15 டிகிரி வெப்பத்துல மணிக்கு 1,225 கி.மீ, ஆனா 11 கி.மீ உயரத்துல மைனஸ் 56 டிகிரி குளிருல சுமார் 1,062 கி.மீதான். அதுல 85 சதவீதம்னா 900 கி.மீ. எல்லாரும் சொல்ற அந்த 'மணிக்கு 900' இங்கிருந்துதான் வருது.

ஆனா அந்த 900 காத்துக்குள்ள போற வேகம், தரையைப் பார்த்து இல்ல. இதுதான் நிறைய பேருக்கு பிடிபடாத இடம். ஓடுற ட்ரெயினுக்குள்ள நீங்க இன்ஜின் பக்கமா நடக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க, உங்க கால் நடக்கிறது மணிக்கு 5 கி.மீதான், ட்ரெயின் 80ல போகுதுன்னா வெளிய தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிக்கிறவருக்கு நீங்க 85ல போறீங்க. கடைசிப் பெட்டி பக்கமா நடந்தா 75. ப்ளேனுக்கு அந்த ட்ரெயின்தான் காத்து. 10 கி.மீ உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஆறு மேற்கிலிருந்து கிழக்கா ஓடிக்கிட்டே இருக்கு, மணிக்கு 150, 200 சாதாரணம், சில நாள் 300ஐயும் தாண்டும். குளிர்காலத்துல இன்னும் உக்கிரம். 1920கள்லயே ஜப்பான்ல ஓய்ஷி வாசாபுரோங்கிற வானிலை விஞ்ஞானி பலூன் விட்டு இதைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சுட்டார்.

கணக்கா பார்ப்போம். லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. காத்தே இல்லன்னா 900ல 6 மணி 10 நிமிஷம். காத்து மணிக்கு 120ல கிழக்குப் பக்கமா வீசுதுன்னு வைங்க. நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும்போது தரைவேகம் 1,020, 5 மணி 26 நிமிஷத்துல வந்துடும். திரும்பிப் போகும்போது எதிர்நீச்சல், 780தான், 7 மணி 7 நிமிஷம். இங்க ஒரு விஷயத்தை கவனிங்க, வர்றப்போ கிடைச்ச லாபமும் போறப்போ ஏற்பட்ட நஷ்டமும் சரிக்குச் சரியாகிடும்னுதான் தோணும், ஆனா ஆகாது. காத்து இல்லாத நாள்ல ரெண்டு பக்கமும் சேர்த்து 12 மணி 20 நிமிஷம், காத்து இருந்தா 12 மணி 33 நிமிஷம். ஏன்னா எதிர்காத்துல நீங்க அதிக நேரம் மாட்டிக்கிறீங்க, சாதகமான காத்துல கம்மி நேரம்தான் இருக்கீங்க. போயிட்டு திரும்பி வர்ற பயணத்துக்கு காத்து எப்பவுமே நஷ்டம்தான்.

2020 பிப்ரவரில ஒரு புயல் சமயத்துல நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த ஒரு போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிஷத்துல வந்துச்சு, தரைவேகம் 1,327 கி.மீ வரைக்கும் போச்சு. ஒலியோட வேகத்தைத் தாண்டிடுச்சேன்னு கேட்டா, இல்ல, ட்ரெயின்தான் வேகமா போச்சு, உள்ள நடந்தவர் அதே வேகம்தான் நடந்தார். நிஜமாவே ஒலியைத் தாண்டிப் போனது கான்கார்டு, மாக் 2ல. 1996 பிப்ரவரி 7ல அது இதே பாதையை 2 மணி 52 நிமிஷம் 59 செகண்டுல முடிச்சுது. 2003ல நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் அந்த நேரத்தை எந்தப் பயணிகள் ப்ளேனும் கிட்டக்கூட நெருங்கல.

அட்லாண்டிக் மேல இந்தக் காத்தை நம்பி ஒரு பெரிய ஏற்பாடே நடக்குது, தினமும் புதுசா பாதை போடுவாங்க. பகல்ல மேற்கே போறவங்களுக்கு அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்து ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல் போடும், ராத்திரி கிழக்கே வர்றவங்களுக்கு கனடாவுல கேண்டர்ங்கிற ஊர்ல இருக்கிற கன்ட்ரோல் போடும். கிழக்கே வர்றவங்களை அந்தக் காத்து ஆத்துக்கு நடுவுல விடுவாங்க, மேற்கே போறவங்களை அதுக்கு விலக்கி விடுவாங்க. இன்னைக்கு இருந்த பாதை நாளைக்கு இருக்காது.

இதுல உச்சகட்டமான உதாரணம்னா டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோதான். நூல் வச்சு அளந்தா 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதல்ல மேற்குப் பக்கமா அட்லாண்டிக் வழியா சுமார் 13,900 கி.மீ பறந்து போயிட்டு இருந்தாங்க. 2016 அக்டோபர்ல திசையை மாத்தி கிழக்கே பசிபிக் வழியா போனாங்க, அது 15,300 கி.மீ, அதாவது 1,400 கி.மீ அதிகம், ஆனா சுமார் பதினாலரை மணி நேரத்துல போய் சேர்ந்துட்டாங்க, பழைய வழியைவிட ரெண்டு மணி நேரம் கிட்ட மிச்சம். காத்து பின்னாடியிருந்து தள்ளினதுதான் காரணம். நீளமான பாதை சீக்கிரமான பாதையா இருக்க முடியும்னு யாராவது நம்ப மறுத்தா இதைச் சொல்லுங்க.

இந்த இடத்துல எப்பவும் ஒரு சந்தேகம் வரும், பூமிதான் சுத்துதே, அப்போ மேற்கே போற ப்ளேனுக்கு ஊரே எதிர்ல வந்து சேரணுமே, சும்மா மேல எழும்பி நின்னாலே போதுமேன்னு. நல்ல யோசனைதான், ஆனா காத்தும் பூமியோடவே சேர்ந்து சுத்துது. பூமத்திய ரேகையில தரை மணிக்கு 1,670 கி.மீ வேகத்துல கிழக்கே ஓடுது, அதுக்கு மேல இருக்கிற காத்து கூடவே ஓடலன்னா நம்ம எல்லார் மேலயும் மணிக்கு 1,670 கி.மீ வேகத்துல புயல் அடிச்சுக்கிட்டே இருக்கணும். ரன்வேல நிக்கிற ப்ளேனும் அந்த வேகத்தோடதான் நிக்குது, ஏறினாலும் அது கூடவே வருது. அதனால போற, வர்ற நேர வித்தியாசத்துக்கு பூமி சுத்துறது நேரடிக் காரணம் இல்ல. காத்து ஏன் மேற்கிலிருந்து கிழக்கா வளைஞ்சு ஓடுதுங்கிறதுக்கு மட்டும் பூமி சுத்துறது ஒரு காரணம், அந்த வழியா பார்த்தா மறைமுகமா சம்பந்தம் உண்டு.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் வானத்துல பறக்குற நேரம் இல்ல. கேட்ல சக்கரத்துக்கு அடியில வச்ச கட்டையை எடுத்து ப்ளேன் நகர ஆரம்பிக்கிற நிமிஷத்திலிருந்து, அந்த ஊர்ல கேட்ல போய் நிக்கிற நிமிஷம் வரைக்கும் உள்ளது, பிளாக் டைம்னு சொல்லுவாங்க. ரன்வே வரைக்கும் உருண்டு போறது, க்யூல நிக்கிறது, இறங்கினப்புறம் உருண்டு வர்றது எல்லாம் அதுக்குள்ள வந்துடும், பெரிய ஏர்போர்ட்டுன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து அரை மணியைத் தாண்டுறது ரொம்ப சகஜம். அதோட மேல ஏறி முழு வேகத்தைப் பிடிக்க 20, 25 நிமிஷம் ஆகும். இறங்குறது இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிடும், 1,000 அடி இறங்க 3 கடல் மைல்ங்கிறது பைலட்டுங்க மனக்கணக்கு, 35,000 அடியில இருந்தா 105 கடல் மைல், கிட்டத்தட்ட 195 கி.மீ முன்னாடியே மூக்கைத் தாழ்த்தணும். ஏர்லைன்ஸும் கொஞ்சம் தாராளமா நேரம் போட்டுத்தான் டிக்கெட் விக்கும். அதனாலதான் லேட்டா கிளம்பின ஃப்ளைட் சில நாள் சரியான நேரத்துக்கே போய் சேருது.

குட்டி பயணங்கள்ல இந்தச் செலவுதான் பெருசு. ஸ்காட்லாந்துல ஆர்க்னி தீவுகள்ல வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரேன்னு ஒரு ஃப்ளைட் இருக்கு, தூரம் 2.7 கி.மீ, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். ஜெட் ப்ளேனுக்கு 300 கி.மீக்கும் 500 கி.மீக்கும் டிக்கெட்ல பெரிய வித்தியாசம் தெரியாது, ரெண்டும் ஒரு மணி நேரம் மாதிரிதான் போட்டிருப்பாங்க.

கடிகாரக் கணக்கையும் சொல்லிடுறேன், பையன் கேட்ட முதல் கேள்விக்கு பேப்பர்ல போட்டது இதுதான். டிக்கெட்ல இருக்கிற ரெண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ரெண்டையும் நேரா கழிக்கவே கூடாது, முதல்ல ஒரே ஊர் நேரத்துக்கு கொண்டு வரணும். குளிர்காலத்துல டோக்கியோ லாஸ் ஏஞ்சல்ஸை விட 17 மணி நேரம் முன்னாடி இருக்கும். டோக்கியோல சாயங்காலம் 5க்கு கிளம்பி 10 மணி நேரம் பறந்தா டோக்கியோ கடிகாரத்துல மறுநாள் விடிகாலை 3, அதுல 17ஐ கழிச்சா முந்தின நாள் காலை 10. அதாவது கிளம்பின அதே நாள். நடுவுல பசிபிக்ல இருக்கிற, தாண்டினா தேதியே மாறிடுற தேதிக்கோட்டைத் தாண்டினதுதான் விஷயம். திரும்பி வரும்போது இது பழிவாங்கிடும், லாஸ் ஏஞ்சல்ஸ்ல காலை 11க்கு கிளம்பி 12 மணி நேரம் பறந்தா அந்த ஊர்ல ராத்திரி 11, கூட 17 சேர்த்தா டோக்கியோல மறுநாள் சாயங்காலம் 4. டிக்கெட்ல பக்கத்துல சின்னதா 'பிளஸ் 1'ன்னு போட்டிருக்கும், அதைக் கண்ணுல படாம விட்டுட்டு ஹோட்டலை ஒரு நாள் முன்னாடியே போட்டவங்களை எனக்குத் தெரியும். கோடைக்காலத்துல அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, ஜப்பான்ல அந்த வழக்கம் இல்ல, அதனால அந்த 17 அப்போ 16 ஆகிடும், இதையும் பார்த்துக்கோங்க.

இவ்ளோ வேணாம், சட்டுன்னு ஒரு மதிப்பு போதும்னா தூரத்தை 900ஆல வகுங்க, ஒரு மணி நேரம் சேருங்க. ரொம்ப தூரம்னா இன்னும் அரை மணி. வடக்குலயோ தெற்குலயோ, பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் நடுவுல இருக்கிற பகுதி வழியா கிழக்கே போனா கொஞ்சம் குறைங்க, மேற்கே போனா கொஞ்சம் கூட்டுங்க. பூமத்திய ரேகையை ஒட்டியோ வடக்கு தெற்காவோ போனா காத்தை பெருசா கண்டுக்க வேணாம். சிங்கப்பூர் – நியூயார்க் 15,350ஐ 900ஆல வகுத்தா 17 மணி, கூட ஒன்றரை சேர்த்தா பதினெட்டரை. அட்டவணையில போட்டிருக்கிறதும் 18 மணி நேரத்துக்கு மேலதான்.

அப்புறம் ஏன் எல்லா ஊருக்கும் நான்ஸ்டாப் இல்லன்னா, எரிபொருள். தூரம் கூடக் கூட அதிக எரிபொருள் வேணும், அந்த எரிபொருளைத் தூக்கிட்டுப் போகவே இன்னும் எரிபொருள் வேணும். சிங்கப்பூர் – நியூயார்க்குக்குன்னே வந்த ஏ350 ரகத்துல 1,65,000 லிட்டர் பிடிக்கும், ஆனா சீட்டு வெறும் 161தான், சாதாரண எகானமி க்ளாஸே கிடையாது. ஒரு ஸ்டாப் போட்டா நடுவுல இறங்கி எரிபொருள் போட்டு நிறைய பேரை ஏத்திட்டுப் போகலாம், ஆனா ஒரு தடவை கூடுதலா இறங்கி ஏறுற நேரம், அங்க காத்திருக்கிற நேரம், சுத்து வழின்னு எளிதா மூணு நாலு மணி நேரம் கூடிடும்.

பையன்கிட்ட கடைசியா ஒண்ணு போட்டுப் பார்க்கச் சொன்னேன், லண்டன் – சிட்னி. குளோப்ல நூல் வச்சான், போன்ல தேடி 17,000 கி.மீன்னு எடுத்தான், 900ஆல வகுத்தான், 18.9. ஒன்றரை மணி சேர்த்து 20 மணி 20 நிமிஷம் மாதிரி வரும்னான். இந்தப் பாதையில இன்னும் டிக்கெட் வாங்கிப் போற நான்ஸ்டாப் வரல, ஆனா 2019 நவம்பர்ல ஆஸ்திரேலியாவோட க்வான்டாஸ் ஏர்லைன்ஸ் ஒரு சோதனை ஓட்டம் விட்டாங்க, போயிங் 787ல சுமார் 50 பேர் மட்டும், 17,800 கி.மீ பறந்து 19 மணி 19 நிமிஷத்துல சிட்னில இறங்கினாங்க. நான் அந்த எண்ணைச் சொன்னதும் தன் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "800 கி.மீ கூடப் பறந்தும் என் கணக்கைவிட ஒரு மணி நேரம் முன்னாடி போயிருக்காங்க"ன்னான். அப்புறம் குளோப்பைத் திருப்பி, லண்டன்ல விரலை வச்சு சிட்னி வரைக்கும் மெதுவா இழுத்துட்டுப் போய், "கிழக்கே போறாங்கல்ல சித்தி"ன்னான்.